பல்லிக்கு வாரண்டி இல்லை

நியூ ஜெர்சியில் இருக்கும் என் மச்சான் வீட்டுக்கே வாரண்டி எடுத்து வைத்திருக்கிறார். அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய வியாபாரமாம். வருடத்துக்கு ஒரு தொகை கட்டிவிட்டால் ஏசி, ஹீட்டர், பைப் எது பழுதானாலும் கம்பனி ஆள் அனுப்பும். மாத்தளை மாவட்டத்துப் பலாபத்வலையில் நாங்கள் வாயைப் பிளந்தோம். மிச்சக் கதையைப் பிறகுதான் சொன்னார்.

ஆள் வரும் ஒவ்வொரு தடவையும் 75, 100 டொலர் என்று சேர்விஸ் ஃபீ கட்ட வேண்டும். சும்மா சும்மா கூப்பிடாமல் இருக்கத்தான் என்பது கம்பனி நியாயம். வேலை நடந்தாலும் சரி, "இது வாரண்டியில் வராது" என்று சொல்லிவிட்டுப் போனாலும் சரி, அந்தக் காசு போனதுதான். பைப்புக்கு ஒருவர், கரண்டுக்கு ஒருவர் வந்தால் இரண்டு ஃபீ. ஆளைத் தெரிவுசெய்வதும் கம்பனிதான். "பராமரிப்புப் போதாது", "முன்பே இருந்த பழுது" என்ற இரண்டு வசனமும் வருகிறவருக்கு மனப்பாடம்.

நமக்கு வீட்டுக்கு வாரண்டி கிடையாது. கூரை ஒழுகினால் வேலைக்கார பாஸைக் கூப்பிடுவோம். "நாளைக்கு வாறேன்" என்பார். வராததற்கு அவர் ஃபீ கேட்பதில்லை.

சாமான்களுக்கு மட்டும் வாரண்டி உண்டு. ஃப்ரிட்ஜில் '10 வருடம்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். அது கம்ப்ரஸருக்கு மட்டும், அதாவது லேசில் சாகாத உறுப்புக்கு. காஸ், கூலி, ட்ரான்ஸ்போர்ட் எல்லாம் நம் தலையில்.

எங்கள் வாஷிங் மெஷின் தண்ணீரை நிரப்பிக்கொண்டு மௌனவிரதம் இருந்தபோது சேர்விஸ் சென்டருக்கு அடித்தேன். பில் இருக்கிறதா என்றார்கள். இருந்தது, எழுத்துத்தான் இல்லை. மையில்லாமல் சூட்டில் அச்சாகும் அந்தத் தாள் அப்படி. பக்கத்து அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டிலேயே திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள். கடைக்காரரும் ஓலையில் பில் போட்டிருக்கலாம். நல்ல வேளை, அவரிடம் நகல் இருந்தது.

"பலாபத்வல எங்க அண்ணே, தம்புள்ள பக்கமா?" என்றார் வரவிருந்த தம்பி. தூரம் நீண்டால் சார்ஜும் நீளும். "சே, மாத்தளையோட ஒட்டினாப்பல" என்று ஊரையே இழுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

வந்தவர் பின்தகட்டைக் கழற்றினார். போர்டின் மேல் கருகி ஒட்டிக்கிடந்தது ஒரு பல்லி. வால் தனியாக ஓரமாய்க் கிடந்தது. தம்பி, கல்யாண ஃபோட்டோக்காரர் மாதிரி நாலு கோணத்தில் படமெடுத்தார்.

"பூச்சி, எலி, பல்லி வாரண்டில இல்ல அண்ணே."

மனைவி பஞ்சாங்கத்தை எடுத்து வந்து பல்லி விழும் பலனைப் பார்த்தாள். தலை, தோள், முழங்கால் எல்லாவற்றுக்கும் பலன் இருந்தது. சர்க்கிட் போர்டுக்கு இல்லை. தன நஷ்டம் என்று நானே பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அடிக்கச் சொன்னாள் மகள். யார்மேல் முறைப்பாடு, பல்லிமேலா?

விசிட்டிங் சார்ஜை வாங்கி ரசீது தந்த பிறகு தம்பி குரலைத் தாழ்த்தினார். "கம்பனிக்குச் சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து போர்ட செஞ்சு தாறேன். ஆறு மாசம் கேரண்டி, வாய்ச்சொல்தான்."

"பல்லிக்கும் சேத்தா தம்பி?" என்றாள் மனைவி.

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அதற்குத் தனி ரேட் என்றார்.