‘புக்குல இப்படி இல்ல’: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

நூற்பா: “புக்குல இப்படி இல்ல.”

இந்நூற்பாவை ஆக்கியவர் பெயர் தெரியவில்லை. ஏதோ ஒரு கதையை முதன்முதலாகக் கூத்தாகக் கட்டி ஆடிய இரவில், முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் வாயில் பிறந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. இன்று மாயாஜால நாவல்களைப் படித்துவிட்டு அவற்றின் படத்தையோ தொடரையோ பார்க்க உட்காருகிறவர்கள் எல்லாரும் இதை ஓதுகிறார்கள். இருபது ஆண்டுகளாக ஓதிவருபவன் என்ற தகுதியில் உரை செய்யத் துணிந்தேன். வேறு சான்று வேண்டுவோர் என் மனைவியிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

பதவுரை. ‘புக்கு’ என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த திசைச்சொல், ஏழாம் வேற்றுமை ஏற்று நின்றது. செய்யுள் வழக்கில் ‘புக்கு’ என்றால் ‘புகுந்து’ என்று பொருள். அப்படிக் கொண்டாலும் பழுதில்லை, ஏனெனில் கதைக்குள் புகுந்து வெளியே வர மறுப்பவன்தான் இதைச் சொல்கிறான். ‘இப்படி’ என்பது சுட்டு. திரையை நோக்கி நீளும் விரலும் இச்சொல்லில் அடக்கம். ‘இல்ல’ என்பதில் ஐகாரம் தேய்ந்தது. பெரும்பாலும் முறுக்கு மென்றுகொண்டே சொல்லப்படுவதால் என்க.

இதில் தொக்கி நிற்கும் எச்சம் ஒன்று உண்டு. அது “நான் படிச்சிருக்கேன்” என்பது. நூற்பாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சோதித்தும் பார்த்தேன். வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போயிருந்த மூன்று நாளும் ஹாரி பாட்டர் படங்களைத் தனியாகப் பார்த்தேன். ஒருமுறைகூட இந்த வாக்கியம் வாயில் வரவில்லை. படித்தவர்கள் இருவர் சேர்ந்து பார்த்தாலும் வராது. ஒருவரையொருவர் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள், அத்தோடு சரி. படிக்காத ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் நூற்பா முளைக்கும்.

இனி இலக்கணம். முதல்நூலைத் தழுவிச் செய்யும் வழிநூல் நான்கு வகைப்படும் என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. சினிமா வரப்போவது தெரிந்தேதான் தொல்காப்பியர் வகுத்துவைத்தாரோ என்று ஐயுறும் அளவுக்கு இது பொருந்துகிறது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலைப் பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக, ஏறத்தாழ ஒன்பதேகால் மணி நேரத்துக்குள் அடைத்தது தொகுத்தல். அதே டோல்கீன் 1937இல் குழந்தைகளுக்காக எழுதிய, சுமார் 300 பக்கமே உள்ள ‘தி ஹாபிட்’டை அதே ஜாக்சன் 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக, கிட்டத்தட்ட எட்டு மணி நேரத்துக்கு இழுத்தது விரித்தல். விரித்தலில் தப்பில்லை. ஆனால் நன்னூல் சொல்லும் நூற்குற்றம் பத்தில் ‘மற்றொன்று விரித்தல்’ என்று ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் இல்லவே இல்லாத டாரியல் என்ற எல்ஃப் பெண்ணை உண்டாக்கி, கீலி என்ற குள்ளனோடு அவளுக்குக் காதலும் உண்டாக்கினார்களே, பவணந்தி முனிவர் சொன்னது அதைத்தான். தொகைவிரிக்குப் பிறகு வருகிறேன். மொழிபெயர்ப்பு டப்பிங்காரர்களின் எல்லை. அதற்குள் காலடி வைத்தால் கட்டுரை வீடு திரும்பாது.

இப்போது இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. மாற்றம் சிறுக்கச் சிறுக்கச் சினம் பெருகும். இதுவே விதி.

என்னை? எனின், காட்டுதும். டாம் பாம்படில் என்றொரு விசித்திரப் பேர்வழி ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் முதல் தொகுதியில் வருகிறார். ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்களை ஒரு பொல்லாத மரத்திடமிருந்தும், பிறகு ஒரு கல்லறைப் பேயிடமிருந்தும் காப்பாற்றுகிறார். ஜாக்சன் அவரை அப்படியே தூக்கிவிட்டார். நாவலின் முடிவில், போரில் வென்று ஊர் திரும்பும் ஹாபிட்டுகள் தங்கள் கிராமமே சூறையாடப்பட்டுக் கிடப்பதைக் கண்டு மறுபடி ஒரு சண்டை போட வேண்டியிருக்கும். அதையும் தூக்கிவிட்டார், படத்தில் ஊர் போட்டது போட்டபடி பச்சைப்பசேலென்று இருக்கிறது. என்னைக் கேட்டால் கதையின் பாதி அர்த்தம் அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. இருந்தும் வாசகன் பெருந்தன்மையாக, “பாவம், மூணு மணி நேரத்துல எவ்வளவுதான் அடைக்க முடியும்?” என்று சொல்லிவிடுகிறான்.

இதே மனிதனை ‘ஹாரி பாட்டர் அண்ட் த காப்லெட் ஆஃப் ஃபயர்’ படத்துக்கு முன்னால் உட்காரவையுங்கள். 2000இல் வந்த புத்தகத்தில், தீக்கிண்ணத்தில் உன் பெயரைப் போட்டாயா என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹாரியிடம் அமைதியாகக் கேட்கிறார். 2005இல் வந்த படத்தில் டம்பிள்டோராக வரும் மைக்கேல் கேம்பன் பாய்ந்து வந்து, பையனைப் பிடித்து உலுக்கிக் கேட்கிறார். மாறியது ஒரே ஒரு வினையடை. அதற்கு இத்தனை ஆண்டுகளாக உலகம் முழுக்கக் கேலி நடக்கிறது, இன்னும் ஓய்ந்தபாடில்லை. நானே திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கி முதுகு பிய்ந்துபோன என் நான்காம் பாகத்தை எடுத்துவந்து, பக்கத்தைப் புரட்டி, அந்த ஒற்றைச் சொல்லின்மேல் விரல் வைத்து மனைவியிடம் காட்டியிருக்கிறேன். “சரி, அமைதியாக் கேட்டா மட்டும் அவன் என்ன வேற பதிலா சொல்லப்போறான்?” என்றாள். உரைகாரனுக்கு இப்படிப்பட்ட எதிர்வாதிகள் வாய்க்கக் கூடாது.

அதே படத்தில் நடன விருந்துக்கு வரும் ஹெர்மாயனியின் உடை. புத்தகத்தில் பெரிவிங்கிள் பூவின் நீலம். படத்தில் ரோஸ். இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். பேச்சின் நடுவே, நம் ஊர் நித்தியகல்யாணியும் ஆங்கிலத்தில் பெரிவிங்கிள் வகைதான், அது ரோஸ் நிறத்திலும் பூக்கும் என்று ஒருநாள் தெரியவந்தபோது கொஞ்சம் ஆடிப்போனேன். உடை தைத்தவர்கள் நம் பக்கத்துக் கல்லறைத் தோட்டம் எதையாவது பார்த்துவிட்டார்களோ? பாடபேதம் என்று அடிக்குறிப்பு போட்டுவிட்டு மேலே நகர்கிறேன்.

ஹாரியின் கண்ணும் இந்தக் கணக்கில் சேரும். அம்மாவின் பச்சைக் கண் அவனுக்கு வாய்த்திருக்கிறது என்று புத்தகம் திரும்பத் திரும்பச் சொல்லும். டேனியல் ராட்க்ளிஃபுக்குப் பச்சை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒத்துக்கொள்ளவில்லை, நீலக் கண்ணோடே நடித்தார். மருத்துவக் காரணம் என்பதால் மன்னித்தோம். 2011இல் கடைசிப் படத்தில் சிறுமியாக வரும் அம்மாவுக்குப் பழுப்புக் கண்! மகனுக்கு நீலம், தாய்க்குப் பழுப்பு, நடுவில் “அதே கண்” என்று வசனம். இதை எந்த வைத்தியர் சீட்டாலும் மன்னிக்க முடியாது.

விதிக்குக் காரணம் என்ன? கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குப் பாயசமே வரவில்லை என்றால், கூட்டம் அதிகம்போல என்று எழுந்து கைகழுவப் போய்விடுகிறோம். கூட்டில் உப்பு ஒரு கல் குறைந்தால்தான் சமையல்காரரைக் கூப்பிட்டு அனுப்புகிறோம். பெரிய வெட்டுக்குப் பணம், நேரம் என்று ஏதோ ஒரு நெருக்கடி இருந்திருக்கும். நீலத் துணிக்கும் ரோஸ் துணிக்கும் மீட்டர் விலையில் என்ன பெரிய வித்தியாசம்? செலவில்லாமல் சரியாகச் செய்திருக்கக்கூடியதைச் செய்யவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அற்றேல், இது வாசகரின் அற்பத்தனம், நூலாசிரியர்கள் பெரியவர்கள், அவர்கள் இதையெல்லாம் பொருட்படுத்த மாட்டார்கள் எனின், அற்றன்று. 1958இல் தம் நாவலுக்கு எழுதப்பட்ட ஒரு திரைக்கதையைப் படித்துவிட்டு டோல்கீன் வரிவரியாகக் குறை எழுதினார். கழுகுகளை இஷ்டத்துக்குப் பறக்கவிட்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. எல்ஃபுகளின் வழிப்பயண ரொட்டியான லெம்பாஸைச் சத்துச் செறிவுணவு என்கிற தினுசில் வர்ணித்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. நம் பாட்டி கட்டிக்கொடுத்த புளியோதரையை ஒருவர் ‘கார்போஹைட்ரேட் பொட்டலம்’ என்றால் நமக்கு எப்படி இருக்கும்? ‘மேரி பாப்பின்ஸ்’ எழுதிய பி.எல். ட்ராவர்ஸுக்கு 1964இல் வந்த டிஸ்னி படத்தின் கார்ட்டூன் பகுதிகள் கடைசிவரை பிடிக்கவே இல்லை. ஆக, நூற்பாவை ஓதுவோரில் நூல் எழுதியவர்களும் அடக்கம்.

நூற்பாவைப் புகழ்ச்சியாகவும் ஓதலாம். அபூர்வம்தான், ஆனால் உண்டு. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வீரன் போரோமிரின் கடைசிச் சண்டையை டோல்கீன் காட்டவே இல்லை. இரண்டாம் தொகுதித் தொடக்கத்தில் அரகார்ன் ஓடிவரும்போது அவன் சாகக் கிடக்கிறான், அவ்வளவுதான். ஜாக்சன் அதை முதல் படத்தின் முடிவுக்குக் கொண்டுவந்து, அம்பின் மேல் அம்பாகத் தைக்கவிட்டு, நம் கண்ணெதிரே சாகடித்தார். புக்குல இப்படி இல்ல என்று அப்போதும் சொன்னேன், தொண்டை அடைத்துக்கொண்டு. மிதிலையில் இராமனும் சீதையும் மணத்துக்கு முன்பே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது வான்மீகத்தில் இல்லை, கம்பன் வைத்தது. இன்று அதை எடுத்துவிட்டு யாராவது இராமாயணம் சொன்னால் நாம் விடுவோமா? ‘பொன்னியின் செல்வன்’ படம் பார்க்கப் போய் மணிமேகலையைத் தேடிய பெரியவர்கள் இந்தப் பத்தியைப் பொறுத்தருள்க.

தொகைவிரிக்கு வருகிறேன்: புக்கு உள்ளவரை தொகுத்து, அது தீர்ந்தபின் விரிப்பது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 2011 முதல் 2019 வரை 8 சீசன், 73 எபிசோட் ஓடியது. அதன் மூல நாவலின் மூன்றாம் தொகுதி 2000இல் வந்துவிட்டது. அதில் ஒரு கல்யாண விருந்து, விருந்தில் ஒரு படுகொலை. தொடரில் அது 2013இல் வந்தது. இடைப்பட்ட 13 ஆண்டும் படித்தவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அந்த எபிசோட் வந்த அன்று பலர் டிவியைப் பார்க்கவில்லை. படிக்காத வீட்டாரின் முகத்தை ஒளிந்திருந்து படம்பிடித்தார்கள். நானும் மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது ஆண்டில் நான் நூற்பாவை ஓதாமல் காத்த ஒரே இரவு அது. எபிசோட் முடிந்து பெயர்கள் ஓடின. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு திரும்பி, “உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?” என்றாள். இரண்டு நாள் பேசவில்லை. சொன்னால் ஒரு குற்றம், சொல்லாவிட்டால் பெருங்குற்றம் என்பது அனுபவத்தில் கண்டது.

நாவலின் ஐந்தாம் தொகுதி 2011இல் வந்தது. ஆறாவதை ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் முடிப்பதற்குள் தொடர் அவரை முந்திக்கொண்டு போய்விட்டது. புக்கே இல்லாத இடத்தில் ‘புக்குல’ என்று எப்படித் தொடங்குவது? ஓதுவார் எல்லாரும் ஒரே நாளில் சாதாரணப் பார்வையாளர்களாகிவிட்டோம். மனைவி “அடுத்து என்ன ஆகும்?” என்று கேட்பதையே நிறுத்திவிட்டாள். கடைசி சீசனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று பவணந்தியார் சொன்ன குற்றத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. வேறு ஆளை வைத்து மறுபடி எழுதுங்கள் என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சீசனில் ஒரு விருந்துக் காட்சியில் யாரோ குடித்த காபிக் கோப்பை மேசையிலேயே இருந்துவிட்டது. முதன்முறையாக, ஒரு பக்கம்கூடப் படிக்காத என் மனைவி திரையை நோக்கி விரல் நீட்டி, “புக்குல இது இருக்காது” என்றாள்.

இவ்வளவோடு உரையை முடித்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் வந்தாள். ஏழாம் வகுப்பு, நன்றாக வரைவாள். வில்லோடு நிற்கும் லெகோலஸை, டோல்கீனின் எல்ஃப் வீரனை, வரைந்து, தலைமுடிக்குக் கறுப்பு கிரேயானை எடுத்தாள்.

“லெகோலஸுக்குப் பொன்னிற முடிம்மா. கறுப்பு இல்ல. புக்குல இப்படி இல்ல.”

“எந்தப் பக்கம், பெரியப்பா?”

சிரித்துக்கொண்டே எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்தேன். அவள் முடி முழுவதையும் கறுப்படித்து, பால் குடித்து, வீட்டுக்கும் போய்விட்டாள். நான் தேடிக்கொண்டிருந்தேன். ‘தி ஹாபிட்’டில் அவன் அப்பாவுக்குப் பொன்முடி இருக்கிறது, அதன்மேல் இலைக் கிரீடமும் இருக்கிறது. மகனுக்கு? முதல் தொகுதி முழுவதிலும், இரவில் ஆற்றங்கரையில் நிற்கும்போது அவன் தலை இருண்டு தெரிந்ததாக ஒரு வரி. அது இருட்டா, முடியா என்று இரண்டு பக்கமும் வாதிடலாம். பொன் எங்கேயும் இல்லை. படத்தில் லெகோலஸாக வந்த ஆர்லாண்டோ ப்ளூமின் தலையில்தான் பார்த்த ஞாபகம்.

இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி, விளக்கெரிவதைப் பார்த்துவிட்டு எட்டிப்பார்த்தாள்.

“என்னங்க தேடறீங்க?”

“முடி.”

என் தலையை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். ‘முடி’ என்று நான் சொன்னது கிரீடத்தை என்று உரையில் சாதித்துவிட வழியுண்டு. ஆனால் அவசரமில்லை. இரண்டாம் தொகுதியில் பாதி தாண்டியிருக்கிறேன். மூன்றாம் தொகுதி அப்படியே இருக்கிறது, அதன் பின்னால் பிற்சேர்க்கைகள் வேறு நூறு பக்கத்துக்கு மேல்.