குதிரை இரண்டாயிரம், இலவசம்!

கி.மு. 701. யூதாவின் மதில் சூழ்ந்த ஊர்களை அசீரியப் பேரரசர் சனகெரிப் ஒவ்வொன்றாக நொறுக்கிக்கொண்டு வருகிறார். மொத்தம் 46 என்பது அவரே எழுதிவைத்த கணக்கு. எருசலேமில் எசேக்கியா ராஜாவுக்கு வயிற்றில் புளி கரைகிறது. கப்பத்தை நிறுத்தியபோது இருந்த வீறாப்பெல்லாம் போய், மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினார். கேட்கப்பட்டது 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து தங்கம். கஜானா போதவில்லை. ஆலயக் கதவுகளில் தாம் அடித்த தங்கத் தகட்டைத் தாமே உரித்துக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டு போனாரா சனகெரிப்? எந்தக் கந்துவட்டிக்காரர் முதல் தவணையோடு போயிருக்கிறார்? படை வந்து நின்றது.

கூடவே ரப்சாக்கே வந்தார். அது பெயரல்ல, பதவி: ராஜாவுக்குப் பானம் ஊற்றுகிறவர்களின் தலைவர். ஊற்றிக் கொடுப்பவர்தான், ஆனால் மைக் இல்லாத காலத்து மேடைப் பேச்சாளர். எகிப்தை நம்பினீர்களா, அது ஒடிந்த நாணல், ஊன்றின கையையே குத்தும் என்றார். 2000 குதிரை இலவசமாகத் தருகிறேன், ஏறி உட்கார ஆள் இருக்கிறதா என்றார். உங்கள் சாமிதான் என்னை அனுப்பினார் என்று ஒரு போடும் போட்டார். மதில்மேல் ஜனம் கேட்கிறதே என்று பதறிய எசேக்கியாவின் அதிகாரிகள், ஐயா, தயவுசெய்து அராமிக்கில் பேசுங்கள் என்று கெஞ்சினார்கள். அவ்வளவுதான், மனிதர் யூத பாஷையிலேயே இன்னும் உரக்கக் கத்தினார். எந்த ஊர்ச் சாமி எங்கள் கையிலிருந்து எவனைக் காப்பாற்றியது, சொல்லுங்கள் பார்ப்போம்!

இதில் வேடிக்கை, எகிப்து விஷயத்தில் ஏசாயா தீர்க்கதரிசியும் ரப்சாக்கேயும் ஒரே கட்சி. எகிப்தியர் மனிதர்தான், அவர்கள் குதிரையும் வெறும் சதைதான் என்று ஏசாயா தொண்டை வறளச் சொல்லிவந்தார். அந்த எகிப்தை அசீரியன் இப்படித்தான் இழுத்துப்போவான் என்று காட்ட, பத்து வருஷத்துக்கு முன்பே மூன்று வருஷம் துணியில்லாமல் தெருவில் நடந்திருக்கிறார். வெளியுறவுக் கொள்கையை இவ்வளவு வெளிப்படையாக எவரும் விளக்கியதில்லை.

எசேக்கியாவும் சாமியை மட்டும் நம்பிச் சும்மா இருக்கவில்லை. தண்ணீருக்காகப் பாறைக்குள் 533 மீட்டர் சுரங்கம் வெட்டியவர் அவர்தான் என்பார்கள். 1880-இல் அதற்குள் கிடைத்த கல்வெட்டில் ராஜா பெயரும் இல்லை, கடவுள் பெயரும் இல்லை. இரு பக்கமிருந்து வெட்டிவந்தவர்கள் நடுவில் சந்தித்த கதைதான் இருக்கிறது. வேலை செய்தவர்கள் எழுதியிருப்பார்கள் போல.

பிறகு ஒரே இரவு. கர்த்தரின் தூதன் அசீரியப் படையில் 1,85,000 பேரை முடித்தான் என்கிறது வேதம். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாரும் பிணம். அப்படியானால் எழுந்தது யார் என்று சண்டே ஸ்கூலில் கேட்டால் காது திருகப்படும். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸோ இதே சனகெரிப்பை எகிப்து எல்லைக்குக் கொண்டுபோய், அவர் படையின் வில்லையும் அம்பறாத்தூணியையும் எலிகளைவிட்டுக் கடிக்கவைக்கிறார்.

சனகெரிப் தம் கணக்கை எழுதிவைத்த களிமண் பட்டகத்தில் தூதனும் இல்லை, எலியும் இல்லை. எசேக்கியாவைக் கூண்டுப் பறவையாக அடைத்தாராம், வெள்ளி 800 தாலந்தாம். பறவையை ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு மட்டும் களிமண் தீர்ந்துவிட்டது. நினிவே அரண்மனைச் சுவரிலும் லாகீஸ் நகரம் விழுந்ததைத்தான் செதுக்கிவைத்தார், எருசலேமை அல்ல.

வேதம் அவரை அடுத்த வரியிலேயே கொன்றுவிடுகிறது. உண்மையில் 20 வருஷம் ஆனது. கி.மு. 681-இல் தம் சாமி நிஸ்ரோக்கின் கோயிலில் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது பெற்ற பிள்ளைகளே வெட்டினார்களாம். நிஸ்ரோக் அங்கேயேதான் இருந்தார்.