‘எளிதாக நிறுவலாம்!’

கேள்வி: திறமூல மென்பொருள்களின் கையேடு ஏன் புதியவர்களை ஓட ஓட விரட்டுகிறது?

பதில்: நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-ல் நடத்திய கருத்துக்கணிப்பில் 93 சதவீதம் பேர், அரைகுறையான அல்லது பழசாகிப்போன ஆவணங்களைச் சந்தித்திருப்பதாகச் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேரோ ஆவணம் எழுதுவது அபூர்வம், அல்லது எழுதுவதே இல்லை என்றார்கள். இதைச் சோம்பல் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. நிரலை எழுதியவருக்கு எல்லாம் தெரியும். தெரியாதவன் எங்கே முழிப்பான் என்பது மட்டும் தெரியாது. ஆகவே ‘எளிதாக நிறுவலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். (யாருக்கு எளிது என்பதைச் சொல்வதில்லை!) மாறாக, ஜாங்கோ என்ற வலைச்செயலிக் கட்டமைப்பின் பயிற்சிப் பாடத்தைப் பாருங்கள். மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்கக் கட்டளை தருகிறது, இல்லையென்றால் என்ன பிழைச்செய்தி வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்கிறது. அதன்பிறகே வாக்கெடுப்புச் செயலி ஒன்றைப் படிப்படியாகக் கட்டவைக்கிறது.

“இலவசமாகத் தருகிறவரிடம் கையேடும் கேட்பதா?” என்பீர்கள். நியாயம்தான். ஆனால் எழுதாத ஒரு பக்கத்துக்காக அதே கேள்விக்கு நூறு முறை பதில் சொல்வதும் அவர்தானே? “நிரலைப் படித்தாலே புரியுமே” என்பவர்களுக்கு: படித்துப் புரிகிறவருக்குக் கையேடே தேவையில்லை. ஆகவே கையேட்டை நேற்று வந்து சேர்ந்தவரிடம் எழுதக் கொடுங்கள், அனுபவசாலிகள் சரிபார்க்கட்டும். சீக்கிரம் கொடுங்கள்; மூன்று மாதம் போனால் அவரும் ‘எளிதாக’ என்று எழுதிவிடுவார்.