டெம்பரா, பவுச்சா?

கே: புதுப் போன் வாங்கிய கையோடு மிஞ்சியது 200 ரூபாய். டெம்பர் கிளாஸ் ஒட்டவா, பவுச் போடவா?
- மன்னார்குடி வாசகர்

ப: பவுச். கை தவறிய போன் தட்டையாக விழுவது அபூர்வம். ஏதாவது ஒரு மூலைதான் முதலில் தரையைத் தொடும். மொத்த இடியும் கடுகளவு இடத்தில் இறங்கும். அங்கே கிளம்பும் விரிசல்தான் திரை முழுக்கச் சிலந்தி வலை பின்னுகிறது. டெம்பர் ஒட்டியிருப்பது முகத்தில். மூலையில் நடக்கும் சண்டையை அது வேடிக்கைதான் பார்க்கும். வாங்கும்போது கலரைப் பார்க்காதீர்கள். போனை மாட்டி, கடை மேசையில் கவிழ்த்து வையுங்கள். திரைக்கும் மேசைக்கும் நடுவே ஒரு ஏடிஎம் கார்டு நுழைந்தால் காசைக் கொடுக்கலாம். விளிம்பு திரையோடு சமமாக நின்றால் அது பவுச் இல்லை, வெறும் சட்டை.

கே: அப்படியானால் டெம்பர் தண்டம் என்கிறீர்களா?
- அதே மன்னார்குடி வாசகர், அடுத்த கடிதத்தில்

ப: இல்லை ஐயா. 200 ரூபாய்தான் என்றீர்கள், அதனால் சொன்னேன். அடுத்த சம்பளத்தில் டெம்பரும் ஒட்டிவிடுங்கள். அதன் எதிரி தரை இல்லை, மணல். பலரும் சாவிக்கொத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். சாவியும் சில்லறையும் பொதுவாகக் கண்ணாடியைவிட மெத்து. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி 6-ஐ ஒட்டி நிற்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மெரினாவில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுந்தால், பாக்கெட் தையலுக்குள் பத்துப் பதினைந்து ‘ஏழு’ ஒளிந்திருக்கும். போனை எடுக்கும்போதெல்லாம் கோடு.

கோடு விழுந்தால் அழகுதானே போகும் என்றும் விட முடியாது. ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவரைப் பாருங்கள். ஓரத்தில் கத்தரியால் துளி வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு, சர்ரென்று பிரிந்துவிடும். வெட்டாமல் இழுத்தால் அவருக்கு மூச்சுதான் வாங்கும். கண்ணாடியிலும் இதே கதை. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் அதன் பலத்தைத் தின்கின்றன என்று கிரிஃபித் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1921-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். மணல் போடுவது கத்தரி வெட்டு, தரை கொடுப்பது இழுப்பு. முதலாவதைத் தடுக்க டெம்பர், இரண்டாவதைத் தணிக்க பவுச்.

கே: என் போனில் கம்பெனியே கொரில்லா கண்ணாடி போட்டிருக்கிறது. கண்ணாடிக்குக் கண்ணாடி எதற்கு?
- தேனி வாசகி

ப: நல்ல கண்ணாடிதான். அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி 2007-இல் முதல் ஐபோனுக்குக் கொடுத்த வகை. சுமார் 400 டிகிரி சூட்டில் உருகிய பொட்டாசியம் உப்பில் கண்ணாடியை முக்கி எடுப்பார்கள். உள்ளே இருக்கும் சிறிய சோடியம் அயனி வெளியேற, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனி வந்து உட்காரும். டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டிலிருந்து ஒல்லியானவர் இறங்கி, அங்கே பருத்தவர் ஒருவர் உட்கார்ந்தால் எப்படி? யாராலும் அசைய முடியாது. கண்ணாடியின் மேல்தோல் முழுக்க அந்த நெரிசல் இருப்பதால் கீறல் வாய் திறக்க இடம் கிடைப்பதில்லை. ஆனால் மணலுக்கு இந்த நெரிசல் எல்லாம் பொருட்டில்லை. கோடு விழுந்த கொரில்லாவை மாற்றினால் ஆயிரக்கணக்கில் ஆகும், கோடு விழுந்த டெம்பரை மாற்ற நூறு, இருநூறு. வேறு காரணம் வேண்டுமா?

கே: டப்பாவில் 9எச் என்று போட்டிருக்கிறது. வைரம் 10, இது 9. சரிதானே?
- கோவில்பட்டி மாணவர்

ப: அது வேறு 9, தம்பி. படம் வரையும் பென்சிலில் எச்பி, 2எச் என்று போகிறதே, அந்த வரிசை. 9எச் பென்சிலால் கீறினாலும் தாங்கும் என்று பொருள். வீட்டில் போன் மேல் பென்சிலால் கிறுக்கும் குழந்தை இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கே: 11டி என்றால்?
- ஓசூர் வாசகர்

ப: நீளம், அகலம், உயரம் மூன்று. மிச்சம் எட்டும் வியாபாரம். 2.5டி என்பதற்கு மட்டும் கொஞ்சம் அர்த்தம் உண்டு: ஓரம் விரலில் குத்தாமல் மழித்திருப்பார்கள்.

கே: போன் விழுந்தது. டெம்பர் சுக்கல், டிஸ்ப்ளேவில் கீறல்கூட இல்லை. டெம்பர்தானே உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது?
- நாமக்கல் வாசகர்

ப: இருக்கலாம். வாசலில் கட்டிய திருஷ்டிப் பூசணி அழுகினால் வீட்டுக்கு வந்த கண் அதில் இறங்கிவிட்டது என்போமே, அந்த நம்பிக்கையில் பாதி இதில் உண்டு. டெம்பரின் கனம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், டிஸ்ப்ளே அலட்டிக்கொள்ளாத சின்ன இடிக்கும் அதன் ஓரம் உதிரும். அதே போனை, அதே உயரத்திலிருந்து, அதே கோணத்தில், டெம்பர் இல்லாமல் இன்னொரு முறை போட்டால்தான் தெரியும். நான் போடச் சொல்லவில்லை.

கே: டெம்பரை நானே ஒட்டிக்கொள்ளலாமா?
- பொள்ளாச்சி வாசகி

ப: தாராளமாக. முதலில் ஃபேனை நிறுத்துங்கள். ஈரத் துடைப்பான், பிறகு காய்ந்த துணி, கடைசியில் தூசு ஒற்றும் ஸ்டிக்கர். போனைச் சாய்த்து, விளக்கு வெளிச்சத்தை ஓரமாக விழச் செய்து பார்த்தால், இல்லை என்று நினைத்த தூசெல்லாம் எழுந்து நிற்கும். ஸ்பீக்கர் துளையை அடையாளமாக வைத்து டெம்பரை மெல்லப் படுக்க வையுங்கள். நடுவில் ஒரு விரல் அழுத்தினால் போதும், எண்ணெயில் போட்ட அப்பளம் போலப் பசை தானாக ஓரம் வரை விரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: வாயால் ஊதாதீர்கள். நான் போன கடையில் பையன் அத்தனையும் நறுவிசாகச் செய்துவிட்டு, கடைசி நொடியில் ‘ஃபூ’ என்றான். அவன் எச்சில் துளி எட்டு மாதம் என்னோடு இருந்தது, ‘அம்மா’ என்ற பெயருக்கு நேர் மேலே.

கே: என் போனின் திரை இரண்டு பக்கமும் வளைவு. பசை ஊற்றி, நீல விளக்கு காட்டி ஒட்டுகிறேன் என்கிறார்கள்.
- கோவை வாசகர்

ப: அது யூவி பசை. விளக்கு பட்டால்தான் இறுகும். அதுவரை தண்ணீர் மாதிரி கிடைத்த சந்திலெல்லாம் நுழையும். ஸ்பீக்கருக்குள் போய் இறுகினால், அழைத்தவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார். வளைந்த திரைக்கு மெல்லிய ஃபிலிம் போதும். மணலைத் தாங்கும், இடியைத் தாங்காது. இடிக்குத்தான் பவுச் இருக்கிறதே.

கே: பவுச்சுக்குள் 500 ரூபாய் நோட்டு வைத்தால் போன் வெடிக்குமாமே?
- கும்பகோணம் வாசகர்

ப: நோட்டுக்காக எந்தப் போனும் வெடிக்காது. ஆனால் பேட்டரிக்குச் சூடு ஆகாது. சார்ஜ் ஏறும்போது பவுச்சும் நோட்டும் கம்பளி போர்த்திய மாதிரி. தொட்டால் சுடுகிறது என்றால் பவுச்சைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள். மாதம் 20 தேதிக்கு மேல் கவலையே வேண்டாம், அந்த நோட்டு அங்கே இருக்காது.

கே: கண்ணாடி மாதிரி இருந்த பவுச் மஞ்சளாகிவிட்டது. பல் பேஸ்ட் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
- விருதுநகர் வாசகி

ப: அது அழுக்கில்லை. வெயிலும் சூடும் பட்டு அந்த பிளாஸ்டிக்கே நிறம் மாறிவிட்டது. இனி பவுச் மணக்கும், வெளுக்காது.

கே: புதுப் போனில் ஒட்டி வந்த ஃபிலிமை ஒரு வருடமாக உரிக்காமல் வைத்திருக்கிறேன். சரியா?
- சேலம் வாசகர்

ப: கோடு விழாதவரை இருக்கட்டும். மடக்கும் போன் என்றால் நினைக்கவே வேண்டாம். 2019 ஏப்ரலில் சாம்சங் தன் முதல் மடக்கும் போனைக் கடைக்கு வருமுன் விமர்சகர்களிடம் கொடுத்தது. சிலர் மேலே இருந்த தாளை நம்ம ஊர் வழக்கப்படி உரித்தார்கள். அது திரையின் அங்கம்! திரை போனது; போன் கடைக்கு வர செப்டம்பர் ஆனது.

கே: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் போனில் என்ன இருக்கிறது?
- திண்டுக்கல் வாசகர்

ப: பவுச் இருக்கிறது. டெம்பரும் இருக்கிறது, மூன்று துண்டாக. மோட்டார் சுவிட்ச் போடக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து சிமென்ட் படியில் விழுந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நாலு மாதம் ஓடிவிட்டது. விரிசல் சரியாகக் கீபோர்டின் மேல் போகிறது. இந்தப் பக்கத்தில் எங்காவது ‘ழ’ வர வேண்டிய இடத்தில் ‘ள’ வந்திருந்தால் எனக்குத் தமிள் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள்.