மூன்று தீவுகளும் ஒரு டெண்டரும்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, கடல் நடுவே டீசல் ஜெனரேட்டரை நம்பிக் காலம் தள்ளும் மூன்று தீவுகள். கரண்ட் வேண்டுமென்றால் அதற்கான டீசலும் கடல் தாண்டி வரவேண்டும். தலைக்கு மேலே வெயில், காதைப் பிய்க்கும் காற்று, இரண்டும் ஓசி.

இரண்டிலிருந்தும் மின்சாரம் எடுக்க ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் டெண்டர் விட்டார்கள். 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்கு இலங்கை அமைச்சரவை தலையாட்டியது. அப்போதுதான் டெல்லிக்கு, ராமேஸ்வரத்திலிருந்து நெடுந்தீவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான் என்பது நினைவுக்கு வந்தது. காற்றாடி சுற்றுவது மின்சாரத்துக்கா, வேவு பார்க்கவா என்று சந்தேகம். கடன் எதற்கு, இனாமாகவே தருகிறோம் என்றது இந்தியா. நிச்சயம் ஆன பெண்ணுக்குப் பக்கத்து வீட்டு மாப்பிள்ளை சீர் அனுப்பிய கதை. சீனா கோபித்துக்கொண்டு மாலத்தீவின் 12 தீவுகளுக்குச் சோலார் போடப் போய்விட்டது.

2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். நிஜ ஒப்பந்தத்துக்கு இன்னும் இரண்டு வருடம். புரிந்துகொள்ள அவ்வளவு நேரம் ஆகும்போலும். 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்று கையெழுத்திட்டது: சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், காற்றில் 530, கூடவே 2,400 கிலோவாட் மணி பேட்டரி.

எல்லாம் சரி. அதே பட்டியலில் அவசரத்துக்கென்று ஒரு வரி: டீசல், 2,500 கிலோவாட். வெயிலையும் காற்றையும் கூட்டினால் 2,230தான் வருகிறது.