ஐந்துக்கு நாலு

எங்கள் வீட்டில் என் பேச்சு எடுபடுவதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். "நான் ஜெர்மனியில படிச்சப்போ..." பிளம்பர் பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் வந்தால் அதை எடுத்து விடுவேன். பக்கத்து வீட்டுக் குப்பை நம் வாசலுக்கு வந்தால் எடுத்து விடுவேன். சாம்பாரில் உப்பு கூடிப்போனால்கூட, ஜெர்மனிக்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்காமல் எடுத்து விடுவேன். பதினைந்து வருஷமாக வண்டி இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அங்கே படித்தது என்னவோ ஒரே ஒரு செமஸ்டர். அக்டோபரில் போய் பிப்ரவரி கடைசியில் திரும்பிவிட்டேன். எங்கள் வீட்டு ஆவக்காய் அதைவிட அதிக நாள் தாங்கும்.

வினை போன வாரம் வந்தது. என் மனைவியின் அக்கா பையனுக்கும் அதே மாதிரி மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் கிடைத்திருக்கிறது. "சித்தப்பாகிட்ட கேளுடா, அவர் அங்கயே படிச்சவர்" என்று இவள் சொல்லிவைக்க, அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டும் பேனாவுமாக வந்து எதிரே உட்கார்ந்துவிட்டான். அவனிடம் என்னென்னவோ அளந்தேன். உங்களிடம் மறைப்பானேன்?

எனக்குக் கிடைத்த ஊர் ஹாலே. பழைய கிழக்கு ஜெர்மனியில், சாலே ஆற்றங்கரையில் இருக்கிறது. நான் மாயவரத்துக்காரன். மாயவரத்தில் பஸ் ஏறினால் தரங்கம்பாடி. அந்தத் தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், ஹாலேயில் படித்தவர். வந்தவர் சும்மா இருந்தாரா? தமிழ் கற்றுக்கொண்டு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து, 1715இல் அச்சடித்தும் கொடுத்துவிட்டார். என் அப்பாவுக்கு இது போதாதா? "அவர் இங்க வந்த கடனை என் பையன் அங்க போய் அடைக்கிறான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கடனை வட்டியோடு ஏற்றிவிட்டு வந்தேன் என்பது அப்புறம் நடந்த கதை.

நான் ஹாலே போய்ச் சேர்ந்தது 2009 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை ராத்திரி. அரிசி பருப்பெல்லாம் மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்தேன். மறுநாள் அக்டோபர் 3. இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாள், தேசிய விடுமுறை. ஊரே சாத்திக் கிடந்தது. சரி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றால், அங்கே ஞாயிறு என்றாலே கடை கிடையாது. அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கை, அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலில் தொட்டு இரண்டு நாள் சாப்பிட்டேன். காந்தி ஜயந்தியன்று போய் இறங்கியவனுக்கு உண்ணாவிரதம் தானாக அமைந்துவிட்டது. ரயில் நிலையத்துக்குள் ஞாயிறும் கடை திறந்திருக்கும் என்பதைத் திங்கட்கிழமை சொன்னார்கள்.

வகுப்பு பத்து மணி. நேரம் தவறாமை என்றால் ஜெர்மனி என்று கேட்டு வளர்ந்தவன் ஆயிற்றே, ஒன்பது ஐம்பதுக்கே போய் உட்கார்ந்தேன். பத்து அடித்தது, ஒரு ஈ காக்கை இல்லை. பத்தே காலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, வகுப்பு ரத்துபோல என்று கிளம்பி வந்துவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம்தான் ஒரு பெண் கால அட்டவணையைக் காட்டி விளக்கினாள். மணிக்குப் பக்கத்தில் சின்னதாக 'சி.டி.' என்று போட்டிருந்தால் கால் மணி தள்ளி ஆரம்பம் என்று அர்த்தமாம். லத்தீனாம், பழைய வழக்கமாம். பத்து என்றால் பத்தேகால்! நம் ஊர் மாதிரியே இருக்கிறதே என்று எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அன்றிலிருந்து எல்லா வகுப்புக்கும் கால் மணி தள்ளியே போனேன். 'எஸ்.டி.' என்று போட்டிருந்தால் மணி அடித்ததும் ஆரம்பம் என்பதை, முதல் தேர்வுக்குப் பதினைந்து நிமிஷம் தாமதமாகப் போனபோது கற்றுக்கொண்டேன்.

வகுப்பு முடிந்தால் அங்கே கை தட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். அதுதான் பேராசிரியருக்கு மரியாதை. எங்கள் காலேஜில் பெஞ்சைத் தட்டினால் கானா பாட்டு ஆரம்பம் என்று பொருள். முதல் நாள் எல்லோரும் தட்ட, எனக்கும் உற்சாகம் பிறந்து தட்டினேன். பழக்கதோஷம், கை தானாகத் தாளத்துக்குள் இறங்கிவிட்டது. ஐந்து விநாடியில் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நான் அப்போதுதான் சரணத்துக்குள் நுழைந்திருந்தேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

தண்ணீர் பாட்டிலையும் சொல்லிவிடுகிறேன். அப்போது மலிவுக் கடையில் தண்ணீருக்குக் கொடுத்ததைவிடப் பாட்டிலுக்குக் கட்டிய டெபாசிட் அதிகம், 25 சென்ட். காலிப் பாட்டிலைக் கடை மெஷினில் போட்டால் காசு திரும்ப வரும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததால்தான் நாற்பது பாட்டில் சேர்த்தேன். அறையில் இடம் அடைக்கிறதே என்று ஒவ்வொன்றையும் காலால் மிதித்து, அப்பளம் மாதிரி தட்டையாக்கி அடுக்கினேன். மெஷின் பார்கோடைப் படித்துத்தான் காசு கொடுக்கும். என் அப்பளத்தில் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து யூரோ, அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட எழுநூறு ரூபாய். என் காலாலேயே மிதித்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். தமிழ் விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. ஹாலேயில் ஃபிராங்கே அறநிலையம் என்று இருக்கிறது. அங்கிருந்துதான் தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கே தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஊர்ப் பாசத்தில் பார்க்கப் போனேன். பழக்கமான ஜெர்மன் மாணவர் ஒருவர் ஓலையின் நகல் ஒன்றை நீட்டி, "ஐயா, தங்கள் தாய்மொழி அல்லவா, வாசியுங்கள்" என்றார். ஓலையில் புள்ளி இல்லை. காலும் ரகரமும் ஒரே உருவம். குறிலா நெடிலா என்று கொம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் தைரியமாக "கோடு" என்றேன். அவர் மிகுந்த பணிவோடு, "கொடு என்று கொண்டால் பொருள் அமையும் அல்லவா?" என்றார். அமைந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கொம்பைச் சுழித்துக் கொடுத்தவர் வீரமாமுனிவர் என்பார்கள், அவரோ இத்தாலிக்காரர். மாயவரத்துக்காரன் தமிழுக்குச் செய்தது, அன்று சீக்கிரம் கிளம்பி வந்தது.

கடைசியில் மார்க் வந்தது. 4.0. அப்பாவுக்கு போன் செய்தேன்.

"எவ்வளவுடா?"

"நாலுப்பா."

"எத்தனைக்கு?"

"அஞ்சு வரைக்கும் உண்டு."

இதில் எங்கே பொய் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். அப்பா அன்றைக்கே தெருவுக்கு லட்டு கொடுத்தார். அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவரும் அவர்தான். மூன்று வீடு மாறியும் அது கூடவே வந்து, இன்றும் எங்கள் ஹாலில் தொங்குகிறது.

பையன் நோட்டை மூடிவிட்டு எழுந்தவன், அதன் எதிரே போய் நின்றான். நின்றவன் நகரவில்லை.

"சித்தப்பா, எங்க ஃபார்ம்ல வேற மாதிரி போட்டிருக்காங்களே. அங்க 1தான் டாப். 4 கடைசி பாஸ் மார்க். 5ன்னா ஃபெயில்."

அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

மறுநாள் காலை தட்டில் ஒரே ஒரு இட்லி வந்தது. "என்ன, ஒண்ணுதானா?" என்றேன்.

"ஒண்ணுதானேங்க அங்க உசத்தி?" என்றாள்.