பிறனும் பிரண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு, வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, 22 பிள்ளைகளுக்கு அன்பைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆராதனையில் இரண்டு மணி நேரம் கட்டிப்போட்ட கைகால்களுக்கு அப்போதுதான் விடுதலை கிடைத்திருக்கும். நான் 'அன்பு' என்று வாயெடுத்தால், 'பு' வெளியே வருவதற்குள் பின்வரிசையில் ஒருவன் இன்னொருவனைக் கிள்ளியிருப்பான்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. கோவிலில் 11 வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் பாலர் வகுப்பு எடுக்கிறேன். முதல் வருஷம் என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது காலேஜுக்குப் போகிறார்கள். மார்க்கெட்டில் என்னைத் தூரத்தில் பார்த்தால் பைக்கை வேறு சந்தில் திருப்பிவிடுகிறார்கள். மனப்பாட வசனம் கேட்டுவிடுவேனோ என்ற பயம்.

இந்தத் தொழிலின் பூர்வீகத்தை ஒருமுறை தேடிப் படித்தேன். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஆரம்பித்துவைத்தது. ஆறு நாளும் வேலைக்குப் போய்விட்டு ஏழாம் நாள் தெருவில் ரகளை பண்ணிய பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் கற்பிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார். முதலில் வந்த அம்மா, பயல்களின் அட்டகாசம் தாங்காமல் கொஞ்ச காலத்திலேயே கும்பிடு போட்டுவிட்டாராம். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாவுக்காவது சம்பளம் இருந்தது.

அன்றைய பாடம், எல்லாக் கட்டளைகளிலும் பெரிய இரண்டு. முழு இருதயத்தோடு கடவுளை நேசிப்பது ஒன்று; இது உபாகமத்தில் இருக்கிறது. தன்னை நேசிப்பதுபோலப் பிறனை நேசிப்பது மற்றது; இது லேவியராகமத்தில். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடக்கம் என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார்.

முதல் கட்டளையில் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கலும் இல்லை. "கடவுள்கிட்ட யாருக்கெல்லாம் அன்பு?" என்றால் இரண்டு கையையும் தூக்குவார்கள். கடவுள் அவர்களுடைய ரப்பரைக் கடன் வாங்கித் திருப்பித் தராமல் இருந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடித்ததுமில்லை.

இரண்டாவதில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் இருக்கும் ரெண்டாம் வகுப்புக் குட்டி ஒன்று எழுந்து, கண்ணை இறுக மூடி, ஒரே மூச்சில் வசனத்தை ஒப்பித்தது. எல்லாம் சரி, 'பிறனிடத்தில்' என்று வரவேண்டிய இடத்தில் 'பிரண்டிடத்தில்' என்று வந்தது.

"பிரண்டு இல்லட்டி, பிறன்."

"பிறன்னா யாருக்கா?"

"உன் பிரண்டு இல்லாதவங்க."

"அப்போ அவங்ககிட்ட எதுக்குக்கா அன்பா இருக்கணும்?"

இதே சந்தேகம் 2000 வருஷத்துக்கு முன்னால் ஒரு நியாயசாஸ்திரிக்கும் வந்தது. அவர் வேதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தார். இவளுக்கு ஏழு வயது.

தப்பு பிள்ளைகள்மேல் இல்லை. 'பிறன்' என்ற சொல்லை இன்றைக்கு வீட்டில் யார் பேசுகிறார்கள்? பைபிளை விட்டால் திருக்குறளில் 15-வது அதிகாரம், 'பிறனில் விழையாமை'. அதை உதாரணம் காட்டிப் பாலர் வகுப்பு எடுத்தால், அடுத்த ஞாயிறு பெற்றோர் வந்து எனக்கு வகுப்பு எடுப்பார்கள்.

அதற்குள் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் ஒரு பொடியன், "எங்க ஸ்கூல் பைபிள்ல 'அடுத்திருப்பவர்'னு போட்டிருக்குக்கா" என்றான். 22 தலைகளும் பக்கவாட்டில் திரும்பின. தனக்கு அடுத்து இருப்பவனை ஒவ்வொருவரும் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"இவனையாக்கா?"

"நான் இடம் மாறி உக்காந்துக்கிடட்டுமா?"

கிரேக்கத்தில் அந்தச் சொல் 'பிளேசியோன்'. அருகில் இருப்பவர் என்றே அர்த்தம். கத்தோலிக்கப் பொடியன்தான் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்பதை நான் வகுப்பில் சொல்லவில்லை. அவன் ஏற்கெனவே ரொம்பத் துள்ளுவான்.

சொல்லிப் புரியாததை நடித்துக் காட்டலாம் என்று அடுத்த வாரம் அந்த நியாயசாஸ்திரிக்கு இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை நாடகமாகப் போட்டோம். கள்ளர் வேஷத்துக்குப் பத்துப் பேர் முண்டியடித்தார்கள். கழுதைக்கு மூன்று பேர் போட்டி. சமாரியனுக்கு ஒருத்தரும் இல்லை. அடிக்கவும் முடியாது, கத்தவும் முடியாது, காசு வேறு செலவு. அந்த வேஷம் யாருக்கு வேண்டும்? கடைசியில் அன்றைக்குத் தாமதமாக வந்தவன் தலையில் கட்டினேன்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு 27 கிலோமீட்டர் இருக்கும், அத்தனையும் மலையிறக்கம் என்று விளக்கினேன். "ஓடி ஒளிய வசதிதான்" என்றார் கள்ளர் தலைவர். சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணம் ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம் என்றேன். சத்திரக்காரனாக நின்ற பையனின் அப்பா நிஜத்தில் மெஸ் நடத்துகிறவர். "சாப்பாடு சேர்த்தா, தனியாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் காசை வாங்கினான்.

அடிபட்டவன் வராண்டாவில் நெற்றியில் குங்குமக் கரைசலோடு கிடந்தான். அவனைப் பார்த்தும் விலகிப் போகவேண்டிய ஆசாரியன் வேஷக்காரன் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து எங்கள் சபைக் குருவான ஐயர் நிஜமாகவே கோவிலைவிட்டு வெளியே வந்தார். சேகரத்தில் ஆறு கோவில். அடுத்த ஊரில் பதினொன்றரைக்கு ஆராதனை. ஒரு கையில் அங்கிப் பை, மறு கையில் பைக் சாவி. கீழே கிடந்தவனைப் பார்த்தார். அவனை மிதித்துவிடாமல் சற்று விலகி, எனக்கு ஒரு 'ஸ்தோத்திரம்' சொல்லிவிட்டு, விறுவிறுவென்று போய்விட்டார்.

"யக்கா, ஐயரே வந்து நடிச்சுக் குடுத்துட்டுப் போறாரு!"

பிறகு விஷயம் தெரிந்து எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவரும் அவர்தான்.

நாடகம் முடிந்ததும் கதையின் கடைசித் திருப்பத்தைச் சொன்னேன். 'என் பிறன் யார்?' என்றுதான் அந்தச் சாஸ்திரி கேட்டார். இயேசுவோ கேள்வியைப் புரட்டிப்போட்டார்: அடிபட்டுக் கிடந்தவனுக்குப் பிறனாக நடந்துகொண்டது யார்? 'சமாரியன்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். சாஸ்திரிக்கு நாக்கு எழவில்லை. இரக்கப்பட்ட அந்த ஆள்தான் என்கிற மாதிரி சுற்றி வளைத்தார்.

"ஏன் அப்படிச் சொன்னாரு?"

"ஆகாதவங்க இல்லையா, பேரைச் சொல்லக்கூட மனசு வரலை."

ரெண்டாம் வகுப்புக் குட்டி யோசித்தது. "நீங்க பக்கத்து வீட்டு ஆச்சியை 'முருங்கமரம்'னு சொல்லுவீங்கள்லா, அது மாதிரியாக்கா?"

வேப்பமரத்தில் ஒரு காக்கா கத்தியது. வேறு சத்தமில்லை.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வேர், இந்தப் பக்கம் கிளை. மழைக்காலம் வந்தால் கம்பளிப்பூச்சி குடும்பம் குடும்பமாகச் சுவர் ஏறி வரும். துணி காயப்போட முடியாது. கிளையை வெட்டச் சொன்னேன். காய்க்கிற மரத்தில் அரிவாள் வைக்கமாட்டேன் என்றார். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "முருங்கமரம் கோலம் போடுது", "முருங்கமரம் ஊருக்குப் போயிருக்கு" என்றுதான் சொல்வேன். தலைக்கு மேல் காய் தொங்க, நான் மார்க்கெட்டில் காசு கொடுத்து முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பட்டப்பெயர் தெரு முழுக்கத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

சாயங்காலம் சுவரோரம் போய் நின்றேன். துணியை இரண்டு தடவை உதறினேன். தொண்டையைக் கனைத்தேன். 11 வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய்க்கு ஒரு சொல் வருவதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

"ஆச்சி."

அந்தப் பக்கம் வாரியல் சத்தம் நின்றது.

"என்னட்டி, கீரை வேணுமா? இந்தா உருவித் தாரேன். பூச்சி கெடக்கும், பாத்து ஆயணும்."

அடுத்த ஞாயிறு ஜமுக்காளத்தில் உட்காருவதற்கு முன்பே குட்டி விசாரணையைத் தொடங்கிவிட்டது.

"ஆச்சிகிட்ட பேசிட்டீங்களாமே! அப்போ இனி ஆச்சி உங்க பிரண்டா?"

காலையில்தான் துணிக்கொடியிலிருந்து இரண்டு கம்பளிப்பூச்சியைக் குச்சியால் எடுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

"இல்லட்டி," என்றேன். "இன்னும் பிறன்தான்."